ஊர் ஏற்றிவிட்ட குதிரை

குதிரைகளைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான். அவை தூங்கும் அறை இருபத்திரண்டு டிகிரியில் இருக்க வேண்டும். இருபத்து மூன்றானால் லாயத்து மேலாளர் போன் அடிப்பார். இருபத்து நான்கானால் நேரில் வந்துவிடுவார். இருபத்தைந்தானால் என்ன ஆகும் என்று தெரியாது, அதுவரை போகவிட்டதில்லை. வளைகுடாவில் ஒரு பெரும் பணக்காரரின் குதிரை லாயத்தில் பத்தொன்பது வருடம் ஏசி மெக்கானிக்காக வேலை பார்த்தேன். குதிரைகள் குளுகுளுவென்று தூங்கின. அந்தக் குளிருக்குப் பொறுப்பான நான், தகரக் கூரை போட்ட அறையில், ஆறு பேருக்கு ஒரு மின்விசிறி என்று தூங்கினேன். இதில் எனக்கு வருத்தமில்லை. குதிரைக்கு இருக்கிற மதிப்பு மெக்கானிக்குக்கு எந்த ஊரிலும் கிடையாது.

தென்காசியில் எங்கள் தெருவுக்கு வந்து ஏசி மெக்கானிக் வீடு எது என்று கேட்டால் மூன்று வீட்டைக் காட்டுவார்கள். அதில் என் வீடு இருக்காது. குதிரைக்காரர் வீடு என்று கேட்டால் வாசல் வரைக்கும் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போவார்கள்.

நான் பொய் சொல்லவில்லை. இதை எனக்கு நானே பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், நீங்களும் ஒருமுறை கேட்டுவையுங்கள். அங்கே போய்ச் சேர்ந்த முதல் வாரம் வீட்டுக்கு போன் போட்டேன். அப்போதெல்லாம் கார்டு வாங்கிப் பேச வேண்டும். "எங்கன வேலை?" என்று மனைவி கேட்டாள். "குதிரை லாயத்துல" என்றேன். ஏசி பார்க்கிறேன் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் கார்டு தீர்ந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை நான் கூப்பிடுவதற்குள் ஊர் என்னைக் குதிரை மேல் ஏற்றிவிட்டது. அரபிக் குதிரைகளைப் பழக்குகிற வேலை, ஷேக்கின் பிள்ளைகளுக்கு இவர்தான் சொல்லிக்கொடுக்கிறார் என்றெல்லாம் பேச்சு. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? அதுவும் கார்டு போட்டு. நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான். ஏசி மெக்கானிக்குகள் எங்கள் ஊரில் மலிவு. குதிரைக்காரன் நான் ஒருத்தன்தான்.

மனைவிக்கு மட்டும் உண்மை தெரியும். நான் சொல்லவில்லை. இரண்டாவது தடவை விடுப்பில் வந்தபோது பக்கத்து வீட்டு ஏசி நின்றுபோனது. பாவம் புழுங்குகிறார்களே என்று ஏணி போட்டு ஏறி அரை மணி நேரத்தில் ஓடவிட்டுவிட்டு வந்தேன். மனைவி கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "குதிரை வாலைப் பிடிச்ச கை மாதிரி இல்லையே" என்றாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. எங்கள் வீட்டில் பேசாமல் விடுவதுதான் பெரிய தண்டனை.

இதோடு நின்றிருந்தால் வெறும் பெருமையோடு போயிருக்கும். ஆனால் மகள் இருந்தாள். நான் விமானம் ஏறும்போது அவளுக்கு எட்டு மாதம். நடக்க ஆரம்பித்ததும், பேச ஆரம்பித்ததும் எனக்குச் செய்தியாகத்தான் வந்தன. நாலு வயதில் அவளுக்கு நான் ஒரு போன். "வாப்பாகிட்ட பேசு" என்று மனைவி அவள் காதில் வைப்பாள், அவள் உதறிவிட்டு ஓடுவாள். அவள் ஓடுகிற கொலுசுச் சத்தத்தை அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அப்படி ஒருநாள் லாயத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு குதிரை கனைத்தது. ஓடிக்கொண்டிருந்த கொலுசு நின்றது. "அது என்னது?" என்று கேட்டாள். என்னிடம் அவள் கேட்ட முதல் கேள்வி அது. "குதிரை" என்றேன். "அது என்ன செய்யுது?" என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் அவளே போனுக்கு வந்தாள். எனக்குத்தான் சொல்ல ஒன்றுமில்லை. குதிரை நின்றது, புல் தின்றது என்று எத்தனை நாள் ஓட்டுவது? நல்லவேளையாக லாயத்தில் உண்மையான குதிரைக்காரன் ஒருவன் இருந்தான், ராஜஸ்தான் பக்கத்து ஆள். சாப்பிடும்போது இந்தியில் கதை கதையாகச் சொல்வான். முரட்டுக் குதிரையை மடக்கியது, பயந்த குதிரையைப் பாலத்தைக் கடக்க வைத்தது, பிரசவத்தில் குட்டியின் காலைத் திருப்பிவிட்டது. நான் அதைத் தமிழாக்கி, 'அவன்' இருந்த இடத்தில் எல்லாம் 'நான்' என்று போட்டுவிடுவேன். வேறு எதையும் மாற்றியதில்லை, அந்த அளவுக்கு நேர்மையானவன்.

பிளஸ் டூ முடித்ததும் மகள் கால்நடை மருத்துவம் படிக்கப் போகிறேன் என்றாள். "இந்த மார்க்குக்கு மாட்டுக்கு ஊசி போடவா போறா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். "மாட்டுக்கு இல்ல, குதிரைக்கு" என்று சொல்லிவிட்டு, திருநெல்வேலியில் கல்லூரியில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். செய்தி வந்தபோது நான் ஏணி மேல் நின்று ஃபில்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். சந்தோஷத்தில் கண் கலங்கியது. அப்புறம்தான் உறைத்தது. நான் சும்மா சொல்லிவைத்ததை நம்பி ஒரு பெண் தன் வாழ்க்கையை அதன் மேல் கட்டிக்கொண்டிருந்தாள்.

போன வருடம் லாயத்து முதலாளி காலமானார். பிள்ளைகளுக்குக் குதிரையைவிடக் கார்தான் பிடிக்கும். லாயம் மூடப்பட்டது, நான் ஊருக்கு வந்தேன். வந்து பத்து நாள்கூட ஆகவில்லை, மனைவியின் அண்ணன், எங்கள் மச்சான், ஒரு குதிரை வாங்கிவிட்டார்.

மச்சானுக்குப் புளியங்குடியில் எலுமிச்சை மண்டி. முன்பெல்லாம் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கார் போதும். இப்போது பையன்கள் செல்போனில் எதையோ பார்த்துவிட்டுக் குதிரை கேட்கிறார்கள். நிக்காஹ் ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடலாம், ஆனி ஆடியில் குற்றாலத்துச் சீசனுக்கு ஏற்றி இறக்கலாம், வீட்டிலேயே வளைகுடாவில் பழகிய குதிரைக்காரர் இருக்கிறார் என்று மச்சான் கணக்குப் போட்டிருந்தார். என்னைக் கேட்கவில்லை. "ஒங்களுக்கு ஒரு சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான்" என்றார். ராயகிரிப் பக்கம் ஒருவரிடம் தனியாகப் போய்ப் பார்த்து முடித்திருந்தார். எப்படிப் பார்த்து வாங்கினீர்கள் என்று கேட்டேன். "எலுமிச்சை பாக்குத மாதிரிதான். மினுமினுப்பு இருக்கா, கனம் இருக்கா, காம்பு நல்லா இருக்கா" என்றார். குதிரையில் காம்பை எங்கே பார்த்தார் என்று நான் கேட்கவில்லை.

குட்டியானை என்று ஊரில் சொல்லும் சின்ன லாரியில் குதிரை வந்து இறங்கியது. வெள்ளையில் சாம்பல் புள்ளி போட்ட ஆண்குதிரை. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு காதும் ஒரு நொடி ஓரிடத்தில் நிற்காது, கண்ணில் வெள்ளை தெரிய எல்லாப் பக்கமும் பார்த்துக்கொண்டே இருக்கும். மச்சான் அதற்கு ஒரு ராஜா பேர் வைத்தார். அந்தப் பேருக்கு அது ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை என்பதால் இங்கே எழுதவில்லை. தெருவே கூடி நின்றது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று சுற்றி வந்து, "ம்" என்றேன். அந்த ஒரு 'ம்'மில் ஊருக்குப் பரம திருப்தி.

இலஞ்சிக்குப் போகும் வழியில் மச்சானின் நண்பருக்கு ஒரு தென்னந்தோப்பு. அங்கே குதிரையைக் கட்டினோம். 'புதுக் குதிரை, ஆள் நின்றால் மிரளும்' என்று சொல்லி எல்லாரையும் துரத்திவிட்டேன். நான் பயிற்சி எடுப்பதை யாரும் பார்க்கக் கூடாது என்பதற்கு அதைவிட நல்ல காரணம் கிடைக்கவில்லை. காலையில் வீட்டுக் குளியலறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு செல்போனில் வீடியோ பார்ப்பேன். ஒரு வெள்ளைக்கார அம்மா, சிரித்துக்கொண்டே, பயந்த குதிரை மேல் உட்கார்ந்து சொல்லுவார்: மூச்சை விடுங்கள், தோளைத் தளர்த்துங்கள், நீங்கள் பயந்தால் குதிரைக்குத் தெரிந்துவிடும். பயப்படாமல் இருப்பது எப்படி என்பதை மட்டும் அந்த அம்மா கடைசிவரை சொல்லவில்லை.

தோப்பில் ஒரு சிமெண்ட் கல்லைப் போட்டு அதில் ஏறித்தான் குதிரை மேல் ஏறுவேன். ஏறியதும் குதிரை நிற்கும். எனக்கும் அதில் ஆட்சேபணை இல்லை, ஆனால் எவ்வளவு நேரம் நிற்பது? காலால் விலாவில் தட்டுவேன். நாலு எட்டு வைக்கும். காய்ந்த தென்னமட்டை ஒன்று கீழே கிடக்கும். அது நேற்றும் அங்கேதான் கிடந்தது, முந்தாநாளும் அங்கேதான். ஆனால் குதிரை அன்றைக்குத்தான் பிறந்ததுபோல் அதைப் பார்த்து மூச்சை உறிஞ்சும். அப்புறம் பின்னால் நடக்கும். பின்னால் போகிறதே என்று கடிவாளத்தை இழுப்பேன், இன்னும் வேகமாகப் பின்னால் போகும். இப்படி முதல் வாரம் முழுக்க நான் குதிரை ஓட்டினேன், எல்லாம் பின்பக்கமாக. 'குதிரை கீழே தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்சதாம்' என்று ஒரு பழமொழி உண்டு. இது என்னைத் தள்ளிவிட்டுப் பக்கத்தில் நின்று முன்னங்காலால் மண்ணைப் பறித்தது. அன்றைக்குத்தான் பழமொழி சொன்னவர்கள் சும்மா சொல்லவில்லை என்று தெரிந்தது.

இடுப்பில் தைலம் தேய்க்கும்போது மனைவி, பல வருடம் கழித்து, அந்தப் பேச்சை எடுத்தாள். "ஞாயித்துக்கெழம அவ வாரா. போன்ல கேட்டா, வாப்பா குதிரையில ஏறிட்டாங்களான்னு. நீங்களே சொல்லிருங்க. நா சொன்னா நல்லா இருக்காது."

"சொல்லுதேன்" என்றேன்.

"எப்ப?"

"சமயம் பாத்து."

"பத்தொம்பது வருசமா சமயம் வரலையாக்கும்" என்று சொல்லிவிட்டுத் தைலத்தை வேண்டுமென்றே அழுத்தித் தேய்த்தாள்.

எனக்குப் பயம்தான். அடி விழுமே என்றில்லை, விழுந்து பழகிவிட்டது. அந்தப் பிள்ளைக்கு நான் கொடுத்ததெல்லாம் செண்டும், சாக்லேட்டும், பெருநாள் துணியும், இந்தக் கதைகளும்தான். செண்டு தீர்ந்துவிட்டது, துணி சின்னதாகிவிட்டது. மிச்சமிருக்கிற ஒன்றும் என்னுடையது இல்லை என்று தெரிந்தால் அவளுக்கு நான் யார்? அவளோடு சேர்ந்தாற்போல நாலு மாதம் ஒரே வீட்டில் இருந்ததில்லை. கொஞ்ச நாள், ஒரு மாதம், குதிரை பழகிவிட்டால் போதும், பழைய பொய் உண்மையாகிவிடும் என்று நினைத்தேன். பழகிவிடும் என்று எந்த ஆதாரமும் இல்லை.

மகள் சனிக்கிழமை மாலையே வந்துவிட்டாள். மச்சான் அவளிடம், "நாளைக்கு ஒங்க வாப்பா குத்தாலத்துல குதிரையில வாராங்க. சீசன் கூட்டம் பூரா பாக்கப் போகுது. அதை வீடியோ எடுத்துப் போட்டா, ஆர்டர் குவியும் பாரு" என்றார். இதுவும் எனக்கு அப்போதுதான் தெரியும். அவள் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் என் வாயிலிருந்து வர வேண்டியது வரவில்லை. "ஆமா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை குற்றாலத்தில் நல்ல சாரல். ஐந்தருவிக்குப் போகும் சாலையில் கார்களும் வேன்களும் ஷேர் ஆட்டோக்களும், நடுவே துண்டைத் தோளில் போட்ட ஜனங்களும். ஓரத்தில் ரம்புட்டான், மங்குஸ்தான் குவித்துவைத்த கடைகள். ஒவ்வொரு கடைக்கும் மேலே நீலத் தார்ப்பாய், காற்றுக்குப் படபடவென்று அடித்தது. கையில் குடை இல்லாத ஆள் இல்லை. தென்னமட்டையைப் பார்த்துப் பின்வாங்குகிற குதிரைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டிலேயே கிடையாது. மச்சான் போதாக்குறைக்கு, செங்கோட்டையில் வாங்கிய சிவப்புக் கட்டம் போட்ட அரபித் தலைத்துண்டு ஒன்றை எனக்குச் சுற்றிவிட்டார். "இப்பதான் ஷேக் வீட்டுக் குதிரைக்காரர் மாதிரி இருக்கு" என்றார். ஷேக் வீட்டில் நான் தலையில் கட்டியது பழைய பனியன், வேர்வைக்கு.

மச்சான் முன்னால் பைக்கில் திரும்பி உட்கார்ந்து வீடியோ எடுக்கிறார், அவர் மண்டியில் வேலை பார்ப்பவர் வண்டியை ஓட்டுகிறார். பின்னால் ஸ்கூட்டரில் மனைவியும் மகளும். முதல் இருநூறு அடி குதிரை என்ன நினைத்ததோ, ஒழுங்காக நடந்தது. எனக்கே நம்பிக்கை வந்து முதுகை நிமிர்த்தினேன். இரண்டு பேர் என்னைப் படம் எடுத்தார்கள். ஒரு வேனிலிருந்து குழந்தைகள் கையாட்டின, நானும் ஆட்டினேன். வாழ்க்கையில் அந்த இருநூறு அடியை நான் மறக்க மாட்டேன்.

பிறகு ஓரத்தில் நின்ற ஒருவர், எங்களுக்கு வழிவிடுவதற்காக ஒதுங்கி, மரியாதையாகக் குடையை விரித்தார்.

குதிரை நின்றது. நாலு காலையும் நாட்டி, கழுத்தைத் தூக்கி, மூக்கால் சத்தம் போட்டது. நான் விலாவில் தட்டினேன். பின்னால் போனது. கடிவாளத்தை இழுத்தேன். அது இன்னும் பின்னால் போய், ஒரு பழக்கடையின் மேசையில் பின்பக்கத்தை மோதி, ஒரு கூடை ரம்புட்டானை ரோட்டில் உருட்டிவிட்டது. கடைக்காரர் தார்ப்பாயைக் காப்பாற்றுவதற்காக இழுத்தார், தார்ப்பாய் படாரென்று அடித்தது, குதிரை பக்கவாட்டில் ஒரு தாவு தாவியது. நான் பிடரிமயிரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மூச்சை விடச் சொன்ன அம்மா ஞாபகம் வந்தார். மூச்சு உள்ளேயும் இல்லை, விடுவதற்கு.

இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றுவிட்டன. ஹாரன் சத்தம். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு யோசனை சொல்வதில் பஞ்சம் கிடையாது. "அண்ணாச்சி, ஹேண்ட் பிரேக்கை எடுங்க" என்றான் ஷேர் ஆட்டோக்காரன். "காதைப் பிடிச்சித் திருகுங்க" என்றார் ஒருவர். எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்ற மசாஜ்காரர், "எறங்குங்க அண்ணாச்சி, நரம்பு இழுத்திருக்கு, அதுக்கும் சேத்துத் தேச்சி விடுதேன்" என்றார். மச்சான் வீடியோவை நிறுத்தவில்லை. குதிரை பின்னால் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. பின்னால் சாலையோரத்து ஓடை, அதற்கு முட்டளவு சுவர்.

"வாப்பா, இழுக்காதீங்க! கையைத் தளத்துங்க!"

மகளின் குரல். ஸ்கூட்டரிலிருந்து குதித்து வந்தவள் குதிரைக்கு நேரே வராமல், சுற்றி, தோள் பக்கமாக வந்தாள். "காலால தட்டிக்கிட்டே கையால இழுக்கீங்க. பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் சேத்து மிதிச்சா அது என்ன செய்யும்? விடுங்க." நான் விட்டேன். அவள் குதிரையின் கழுத்தில் கையை வைத்து ஏதோ முணுமுணுத்தாள், குடை வைத்திருந்தவரை அசையாமல் நிற்கச் சொன்னாள். குதிரை நின்றது. உடம்பெல்லாம் நடுங்கியது, எனக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

அவள் குதிரையின் கன்னத்தில் முடி தேய்ந்து வெளுத்திருந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். நெஞ்சில் குறுக்கே ஓடிய தழும்பைப் பார்த்தாள். "மாமா, இது ஏறுத குதிரையா, வண்டிக் குதிரையா?"

"பந்தயத்துல வண்டி இழுத்தது. பர்ஸ்ட் ப்ரைஸ் குதிரைல்லா" என்றார் மச்சான் பெருமையாக.

"கண்ணுப் பக்கம் மறைப்பு கட்டியிருப்பாங்களே, அது எங்க?"

"அந்தத் தோலா? குடுத்தாங்க. மண்டியில ஆணியில தொங்குது. அதைக் கட்டுனா மாப்பிள்ளை போட்டோவுல குதிரை மொகம் தெரியாதுல்லா."

மகள் கண்ணை மூடித் திறந்தாள். "பிறந்ததுலேர்ந்து முன்னால மட்டும் பாத்து ஓடுனது மாமா இது. பக்கவாட்டுல ஒலகம் இருக்குன்னே அதுக்கு இப்பதான் தெரியுது. முதுகுல வேற ஆளு. பயப்படாம என்ன செய்யும்?" பிறகு என்னைப் பார்க்காமல் கையை மட்டும் மேலே நீட்டினாள். "அந்தத் தலைத்துண்டைக் கழத்திக் குடுங்க."

கொடுத்தேன். அதை மடித்து, குதிரையின் தலையில் மாட்டியிருந்த தோல்வாரில் இரண்டு பக்கமும் செருகி, கண்ணுக்குப் பக்கத்தில் திரை மாதிரித் தொங்கவிட்டாள். குதிரையின் காதுகள் மெல்ல முன்னால் திரும்பின. குதிரை வந்த நாளிலிருந்து நான் பார்க்காத காட்சி அது. அப்போதுதான் அவள் என் காலைப் பார்த்தாள். சேணத்தில் கால் வைக்கிற இரும்பு வளையத்துக்குள் குதிகால்வரை நுழைத்து வைத்திருந்தேன், கழன்றுவிடக் கூடாதே என்று. அவள் கொஞ்ச நேரம் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் காலைப் பிடித்து, விரல் மட்டும் இருக்கிற அளவுக்கு வெளியே இழுத்துவிட்டாள். முன்னால் போய்க் கடிவாளக் கயிற்றைப் பிடித்து நடக்க ஆரம்பித்தாள். குதிரை அவள் பின்னால் ஆட்டுக்குட்டி மாதிரி நடந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள்.

ஐந்தருவிக்கு இன்னும் கொஞ்ச தூரம். கூட்டம் விலகியதும், திரும்பாமலே கூப்பிட்டாள்.

"வாப்பா."

"சொல்லு புள்ள."

"வெரல் மட்டுந்தான் வளையத்துல இருக்கணும்னு எனக்குச் சொன்னது நீங்க. மூணாங்கிளாஸ் படிக்கும்போது. முழுக்காலையும் விட்ட ஒரு பையனைக் குதிரை வேலி வரைக்கும் இழுத்துட்டுப் போச்சு, நீங்க ஓடிப்போய் நிறுத்துனீங்கன்னு சொன்னீங்க. அன்னைக்கு நான் ஒறங்கவே இல்ல."

எனக்கு அந்தக் கதையே மறந்துபோயிருந்தது. அவளுக்கு மறக்கவில்லை. மேலே உட்கார்ந்திருந்தபோதும் மண்ணுக்குள் போகலாம் போல இருந்தது.

"அது நா இல்ல புள்ள. ராஜஸ்தான்காரன் ஒருத்தன் இருந்தான். அவன் நிறுத்துனது."

"அப்ப குட்டிக்குக் காலைத் திருப்பி எடுத்தது?"

"அவன்தான்."

"நீங்க அங்கன என்ன செஞ்சீங்க?"

"ஏசி பாத்தேன்."

"குதிரைக்கா?"

"குதிரைக்குத்தான்."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். வேறு யாராவது இருந்தால் சிரித்திருப்பார்கள். "அப்ப இத்தனை வருசமா நான் யாருகூடப் பேசிட்டிருந்தேன்?" என்றாள்.

"குதிரை இல்லன்னா நீ போனுக்கே வரமாட்டியே புள்ள" என்றேன்.

அவள் கயிற்றைப் பிடித்தபடி ஒரு வளைவு தாண்டும்வரை நடந்தாள். சாரலில் அவள் முக்காடு நனைந்து தோளில் ஒட்டியிருந்தது. "ஏசின்னா வந்திருக்க மாட்டேன்தான்" என்றாள் கடைசியில். "அப்ப சின்னப் பிள்ளை, சரி. பெரியவளானப்பெறவு சொல்லியிருக்கலாம்லா? ரெண்டு வருசமா கிளாஸ்ல ஒவ்வொரு பாடம் எடுக்கும்போதும், இது எங்க வாப்பாக்குத் தெரியும்னு கூட இருக்கவங்ககிட்டச் சொல்லிட்டே இருந்திருக்கேன்."



ஐந்தருவி வாகனம் நிறுத்துமிடத்தில் ஒரு மரத்தடியில் குதிரையை நிறுத்தினாள். முதலில் அதன் வாயைத் திறந்து பார்த்தாள். நான் இழுத்த இழுப்பில் உதட்டோரம் லேசாகக் கிழிந்து ரத்தம் தெரிந்தது. பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவினாள். பிறகு, "எறங்குங்க" என்றாள்.

"எறங்கத் தெரியாது" என்றேன். தோப்பில் ஒவ்வொரு நாளும் குதிரைதான் என்னைத் தள்ளி இறக்கிவிட்டது.

அன்றைக்கு முதல்முறையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். மச்சான் எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அவள் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். குதிரையின் இடது பக்கம் வந்து நின்றாள்.

"ரெண்டு காலையும் வளையத்துலருந்து எடுங்க. முன்னால குனிங்க. வலது காலைப் பின்னால சுத்திக் கொண்டுவாங்க."

"விழுந்துருவேன் புள்ள."

"விழுந்தா விழுங்க. நான் இங்கனதான் நிக்கேன்."

விழத்தான் செய்தேன். அவள் அங்கேதான் நின்றாள்.